செருப்பு மாட்டும்போது சொல்கிற சேதி

“…மத்தபடி வேற ஒண்ணுமில்லீங்க. இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தோம், அப்படியே உங்களையும் ஒரு எட்டுப் பார்த்துப்போட்டுப் போலாம்னு. அப்ப நாங்க பொறப்படறோமுங்க” என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் வலது காலைச் செருப்புக்குள் நுழைத்தார்.

சொன்னது முழுப் பொய். பொள்ளாச்சியில் எங்களுக்கு ஒரு சோலியும் இல்லை. கணபதியில் டவுன் பஸ் ஏறி, உக்கடத்தில் மாறி, சந்தை நாள் கூட்டத்தில் ஒரு வெல்ல மூட்டைக்கும் தோளில் கயிறு போட்ட மாட்டுத் தரகருக்கும் நடுவே நசுங்கியபடி நாங்கள் வந்ததே இந்த ஒரு வீட்டுக்காகத்தான். எங்கள் மூத்த பெண்ணின் கல்யாணப் பத்திரிகை என் கைப்பையில் இருந்தது. பக்கத்தில் பழம், வெற்றிலை பாக்கு. பையின் வாயைக்கூட நான் இன்னும் திறக்கவில்லை.

எதிரே வாசற்படியில் நின்றவர் எட்வின். இவருடைய கூடப் பிறந்த தம்பி.

கூடப் பிறந்த தம்பியிடம் போய் ‘உங்களை’, ‘வந்தோமுங்க’ என்று பேசுகிறாரே, இது என்ன உறவு என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. அங்கேதான் வருகிறேன். அவர் ஒரு காலில் செருப்போடு அப்படியே நிற்கட்டும். சித்த நேரம் நின்றால் ஒன்றும் ஆகிவிடாது.

போன வாரம் என் தையல் மெஷின் வந்த கதையைப் படித்துவிட்டு, “அவ்வளவு எழுதினீங்க, உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வரியும் இல்லையே” என்று குறைப்பட்டவர்கள் உண்டு. இந்த வாரம் முழுக்க அவர்தான். போதும் போதும் என்கிற அளவுக்கு.

வாசலில்தான் விஷயம்

எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குப் போனால் வந்த காரியத்தை வந்ததும் சொல்ல மாட்டோம். அது மரியாதை இல்லை. மழையைப் பற்றிப் பேசுவோம். மாட்டைப் பற்றி, கரண்ட் கட்டைப் பற்றி, மாமியாருடைய முழங்காலைப் பற்றிப் பேசுவோம். காபி வரும், குடிப்போம். சாப்பிடச் சொல்வார்கள், “இப்பத்தான் சாப்புட்டோமுங்க” என்போம். பிறகு எழுந்து வாசலுக்கு வந்து, செருப்பை மாட்டும்போது, தலையைக் குனிந்தபடி, ஏதோ செருப்பிடம் சொல்கிற மாதிரிச் சொல்வோம்: “அப்பறமுங்க, நம்ம பெரிய பையனுக்கு உங்க பொண்ணைக் கேக்கலாம்னு ஒரு ரோசனைங்க.”

என் கல்யாணமே அப்படித்தான் பேசி முடிந்தது. என் மாமனார் மத்தியானம் முழுக்க என் அப்பாவோடு சோளத்தட்டைப் பற்றிப் பேசிவிட்டு, செருப்பு வாரை இழுத்து மாட்டும்போதுதான் என் பேச்சையே எடுத்தார். உடனே என் அப்பா, “அட, உள்ள வாங்க, என்ன அவசரம்” என்று திரும்ப அழைக்க, இரண்டாவது காபி வந்தது. எங்கள் ஊரில் இரண்டாவது காபி வந்தால் காரியம் பலித்தது என்று அர்த்தம்.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. குனிந்து செருப்பு மாட்டுகிற ஆளிடம் ‘முடியாது’ என்று சொல்வது சுலபம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கேட்பவருக்கும் கூச்சம் இல்லை, மறுப்பவருக்கும் சங்கடம் இல்லை.

என் தையல் கடைக்கு நூலும் பட்டனும் கொடுத்துக்கொண்டிருந்த கோட்டைமேட்டு பாய் ஒருவர் இதை வேறு மாதிரிச் சொல்வார். “ஒண்ணும் வேணாம், சும்மா பார்க்க வந்தேன்னு சொல்லிட்டுக் கடையை விட்டு நகராம நிக்கறாங்க பாருங்கம்மா, அவங்களுக்குத்தான் பெருசா ஏதோ வேணும்.” நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் இப்படி யாராவது ஒரு பேச்சைப் போட்டால் விடமாட்டேன். வெட்டுகிற மேஜையின் மேலேயே சாக்குக்கட்டியால் எழுதிவிடுவேன். அடுத்த துணியை விரித்ததும் அது அழிந்துபோகும். அதற்குள் எனக்கு மனப்பாடமாகியிருக்கும்.

பாய் சொன்னது அப்படியே என் வீட்டுக்காரருக்குத் தைத்த சட்டை.

அழைக்காமல் விட்ட ஒரே ஆள்

அவர் பெயர் ஜெயசீலன். கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். பம்ப்செட்டு சாமான்கள் கடைந்து கொடுப்பார். எட்வினும் முதலில் அதே பட்டறையில்தான் இருந்தார். பிறகு பொள்ளாச்சியில் மேரியைக் கட்டிக்கொண்டு, அங்கேயே மோட்டார் ரிப்பேர் கடை போட்டுவிட்டார்.

அண்ணனும் தம்பியும் பேசுவதைக் கேட்டால் சண்டை என்று நினைப்பீர்கள். “ஏண்ணா, உனக்கு மண்டைல ஏதாச்சும் இருக்குதா?” என்பார் தம்பி. “உன்ற மண்டைல இருக்கறதை எடுத்துக் கொஞ்சம் குடுடா” என்பார் அண்ணன். ஊருக்கெல்லாம் ‘ங்க’ போடுகிறவர்கள். இவர்களுக்குள் மட்டும் அது கிடையாது.

தொண்ணூறுகள் பிறந்த புதிதில் நாங்கள் வீடு கட்டி முடித்தோம். பாஸ்டரை வைத்து ஜெபம் பண்ணிக் குடிபோக நாள் குறித்தாயிற்று. ஒரம்பரை என்று நாங்கள் சொல்கிற விருந்தாளிச் சொந்தங்கள் வீட்டுக்கெல்லாம் புருஷன் பெண்டாட்டி சேர்ந்தே போய்ப் பத்திரிகை வைத்தோம். யார் கையிலாவது கொடுத்தனுப்பினால் அது அழைப்பே இல்லை, அவமானம். வெய்யிலில் அலைந்து எனக்குக் கால் வீங்கிவிட்டது.

“எட்வினுக்கு எப்பப் போறோம்?” என்று கேட்டேன்.

“அவனுக்கு எதுக்கு அம்மிணி பத்திரிகை? அவன் என்ன ஒரம்பரையா? ஊட்டு ஆளு. முந்தின நாளே வந்து பந்தக்கால் புடிக்கப் போறவன்.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. சொந்தக் கைக்கு யாராவது பத்திரிகை வைப்பார்களா?

எட்வின் வரவில்லை. முந்தின நாளும் வரவில்லை, அன்றைக்கும் வரவில்லை. ரிப்பன் வெட்டும்போது இவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையையே பார்த்தார். பாஸ்டர் இரண்டு தடவை இருமிக் காட்டிய பிறகுதான் வெட்டினார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்னாச்சுங்க?”

“ ‘நல்லா இருக்கீங்களாங்க’ன்னான் அம்மிணி.”

அவ்வளவுதான் சொன்னார். தம்பி திட்டியிருந்தால் அன்று ராத்திரியே சமாதானம் ஆகியிருக்கும். மரியாதை கொடுத்துவிட்டார். அதற்கு மருந்து கிடையாது.

இவரும் பதிலுக்கு மரியாதை கொடுத்தார். அங்கே இங்கே பார்த்தால் “வாங்க, சௌக்கியமுங்களா”. அப்படியே வருஷங்கள் ஓடின.

மேலிடத்துச் சிபாரிசு

இப்போது சாமி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டும் ஒரே கதைதான்.

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போவோம். இவர் ஜன்னலோரம் உட்காருவார். ஆனால் தனக்கென்று கடவுளிடம் ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் தேவையைச் சொல்வார்கள், மற்றவர்கள் அதற்காக ஜெபிப்பார்கள். இவர் முறை வந்தால், “எல்லாரும் நல்லா இருக்கோணும்னு ஜெபிச்சுக்குங்க” என்று உட்கார்ந்துவிடுவார். காய்ச்சல் வந்தால் என்னை ஜெபிக்கச் சொல்வார். மெஷின் நின்றுபோனால் பாஸ்டரை ஜெபிக்கச் சொல்வார்.

“ஏனுங்க, நீங்களே கேட்டா ஆகாதா?” என்றால், “அவருக்கு எத்தனை சோலி இருக்கும் அம்மிணி! எங்கியோ வெள்ளம், எங்கியோ புயல். அதுக்கு நடுவால நான் போய் பெல்ட்டு அறுந்துபோச்சுங்கன்னு நின்னா நல்லாவா இருக்கும்? பாஸ்டர் பழக்கப்பட்டவரு. அவரு சொல்ற விதமா சொல்லுவாரு” என்பார்.

கலெக்டர் ஆபீசுக்கு ஆள் பிடித்துப் போகிற மாதிரி.

நான் நேர் எதிர். ஜாக்கெட்டுக்குக் கை வைக்கும்போதும் கடவுளோடு பேசிக்கொண்டேதான் வைப்பேன். “பாத்தீங்களா ஆண்டவரே, இந்தம்மா போன மாசம் குடுத்த அளவுக்கும் இந்த மாச அளவுக்கும்! நான் என்ன பண்ணட்டும்?” அரிசி களையும்போது பேசுவேன், பஸ்ஸில் பேசுவேன். என் புகார்களால் மோட்சத்தில் ஒரு அறை நிறைந்திருக்கும். ஒருநாள் ஜெபக்கூட்டத்தில் நான் நெடுநேரம் ஜெபித்து முடித்ததும் எங்கள் பாஸ்டர் மெதுவாகச் சொன்னார்: “அக்கா, நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டீங்கன்னா அவரும் ஏதாச்சும் சொல்லுவாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அதையும் மேஜை மேல் எழுதினேன். ஆனால் இந்த ஒன்று மட்டும் மனப்பாடம் ஆனதே தவிர, வாய்க்கு எட்டவில்லை.

ஐஸ் மோர் செய்த உபகாரம்

மூத்தவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீடு பவானி. பெண் பார்க்க வந்தபோதே ஒரு பெரிய ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நல்ல மனிதர்கள்.

முதல் பத்திரிகையை ஆலயத்தில் வைத்து ஜெபித்துவிட்டு, அடுத்ததைக் கூடப் பிறந்தவர்களுக்கு வைக்க வேண்டும். அதுதான் வரிசை. அப்படியானால் இரண்டாவது பத்திரிகை பொள்ளாச்சிக்கு. அந்தப் பேச்சை எடுத்தாலே இவர் பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். வீடு குடிபோனதற்குப் பத்திரிகை வைக்காமல் விட்டது போதாதென்று, கல்யாணத்துக்கும் வைக்காமல் விட்டால் அதோடு தீர்ந்தது. போய் வைத்து, தம்பி மரியாதையாக வாங்கிக்கொண்டு வராமல் இருந்துவிட்டால்? மணமேடையில் சித்தப்பா நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். ஊரே பார்க்கும். இவருக்கு ஊரைப் பற்றிக் கவலை இல்லை. அந்தக் காலி இடத்தைத் தான் பார்க்க வேண்டுமே என்பதுதான் கவலை.

ஆலயத்துக்குப் போன அன்று சாயங்காலம் பாஸ்டர் ஊரில் இல்லை. அவர் வீட்டில் சாவி கொடுத்தனுப்பினார்கள். இவர் பத்திரிகையைப் பீடத்தின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஜெபம் பண்ணு அம்மிணி.”

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

முந்தின நாள் வெய்யிலில் வாங்கிக் குடித்த ஐஸ் மோர் என் தொண்டையை அடியோடு கட்டிவிட்டது. பேச்சு சுத்தமாக இல்லை. என் ஆயுசில் அப்படி ஒருநாள் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மோரின் வேலையா, வேறு யாராவது செய்த வேலையா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

இவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஆலயத்தில் பெஞ்சுகளைத் தவிர யாரும் இல்லை. வேறு வழியில்லாமல் கைகளைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

“ஸ்தோத்திரமுங்க. போன வாரம் மழை பெஞ்சுதுங்க, ரொம்ப சந்தோஷமுங்க. பாஸ்டர் ஊட்ல எல்லாத்தையும் காப்பாத்துங்க. ஊர்ல எல்லாரும் நல்லா இருக்கோணும்ங்க. பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்கோணும்ங்க. நீங்களும் நல்லா இருக்கோணும்ங்க. ஆமென்.”

கடவுளைப் பார்த்து ‘நீங்களும் நல்லா இருக்கோணும்’ என்று வாழ்த்திய ஒரே ஜெபம் உலகத்திலேயே அதுவாகத்தான் இருக்கும். குரல் இருந்திருந்தால் சிரித்திருப்பேன். நல்ல வேளை.

வெளியே வந்தோம். கதவைச் சாத்தப்போனவர், பாதியில் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டக் குனிந்தார். ஒரு காலை நுழைத்தார். அந்தக் குனிந்த தலையிலிருந்து, திறந்த கதவைப் பார்த்து, மெல்ல வந்தது:

“அப்பறமுங்க… எட்வினு வந்தான்னா நல்லா இருக்குமுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. மனுஷன் ஆண்டவர் வீட்டுக்கும் ஒரம்பரையாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறார்! இத்தனை வருஷமும் மழை, மாடு, ‘ஒண்ணும் வேணாமுங்க’. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முன்னால் நடந்துவிட, இவர் பின்னால் செருப்பு மாட்டிக்கொண்டு எதையோ முனகுவாரே, அது வார் சரியில்லை என்கிற முனகல் இல்லை. அதுதான் ஜெபம். குனிந்துகொண்டே கேட்டுவிட்டு, ஆண்டவர் ‘முடியாது’ என்று சொல்லிவிடுவாரோ என்று பதிலுக்கு நிற்காமல் வந்துவிடுவது.

பேச முடியவில்லை. விரலை நீட்டி ஆலயத்தின் உள்ளே காட்டினேன்.

“என்ன அம்மிணி? இங்கிருந்து சொன்னா அவருக்குக் கேக்காதா?”

மறுபடியும் உள்ளே காட்டினேன்.

“அதுதான் சொல்லிப்போட்டேனே.”

நான் விரலை இறக்கவே இல்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். வேப்பமரத்தில் காக்காய்கள் வந்து அடைந்துகொண்டிருந்தன. பக்கத்துப் பட்டறையில் யாரோ இரும்பு அறுக்கும் சத்தம் நின்று நின்று வந்தது. உள்ளே ஒரு பெஞ்சு நகர்ந்தது. அப்புறம் பேச்சு, தாழ்ந்த குரலில், விட்டு விட்டு. வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்க முயற்சி பண்ணவில்லை. அன்றைக்குத்தான் அவர் பேசினார், நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தபோது எனக்கும் என்னவோ சொல்லப்பட்ட மாதிரி இருந்தது. என்னவென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பாஸ்டர் சொன்னது சரிதான் என்று மட்டும் தெரிந்தது.

இருட்டுக் கட்டுமுன் வெளியே வந்தார். மூக்கு சிவந்திருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது அவராகவே சொன்னார்.

“மொதல்ல மருவாதையாத்தான் ஆரம்பிச்சேன். பாதில அழுகை வந்துருச்சு. அதுக்குப் பொறவு மருவாதை எல்லாம் ஞாவகத்துல இல்ல.”

நான் கையால் ‘என்ன சொன்னார்’ என்று கேட்டேன்.

“எட்வினுக்கு நல்ல புத்தி குடுத்து அனுப்பி வையுங்கன்னேன். எல்லாம் கேட்டுப்போட்டு, நீயே போடான்னாரு.”

இல்லாத தொண்டையைக் கிழித்துக்கொண்டு கேட்டேன்: “டா போட்டாருங்களா?”

“போட்ட மாதிரிதான் இருந்துச்சு” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். பல வருஷமாக யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை.

லேத்து ஓடும்போது

அதற்கப்புறம் ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் என் வீட்டுக்காரரே நம்ப மாட்டார். ஆனால் ஒன்று நடந்தது. பட்டறைக்கு டீ கொண்டு போனபோது பார்த்தேன். லேத்து இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தது. இவர் கடைசல் மேலே கண்ணை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஆள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். “மறுக்காவும் பெல்ட்டு வழுக்குது பாருங்க… இல்ல, நான் போகமாட்டேன்னு சொல்லல. அவன் வாசல்ல நிக்க வெச்சுப்போட்டான்னா? …சரி, அதையும் பார்த்துக்கலாமுங்க.”

இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திய என்னிடம் சொல்லாததையெல்லாம் அங்கே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனாலும் பொள்ளாச்சிக்கு மட்டும் கிளம்பவில்லை. வரிசையெல்லாம் மாறி, ஈரோடு, திருப்பூர் என்று தூரத்து ஒரம்பரைகளுக்கெல்லாம் வைத்தாயிற்று. கல்யாணம் நெருங்கிவிட்டது. ஒருநாள் காலையில் பட்டறைக்குப் போகாமல் வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார்.

“கெளம்பு அம்மிணி. ஆனா ஒண்ணு. அங்க வந்து நீ வாயைத் தொறக்கக் கூடாது. இது நான் கேக்க வேண்டியது.”

வயிறு என்னவோ செய்கிறது என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். எனக்கும் சேர்த்துப் பட்டினி.

மறுபடி அந்த வாசல்

எட்வின் வீட்டில் நல்ல மரியாதை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். “வாங்க, உக்காருங்க” என்றார் எட்வின். மேரி இளநீர் வெட்டிக் கொடுத்தாள். உள்ளேயிருந்து அரிசிம்பருப்புச் சோறு தாளித்த வாசம், பூண்டும் நெய்யுமாக வந்து என் குடலைப் பிடித்து இழுத்தது.

“சாப்புடுங்களேன்” என்றாள் மேரி.

“இப்பத்தான் சாப்புட்டோமுங்க” என்றார் இவர்.

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தேங்காய்க் களத்தில் மழை நனைத்த கதை பேசினார்கள். மோட்டார் காயில் சுற்ற இப்போதெல்லாம் நல்ல கம்பி கிடைப்பதில்லை என்று பேசினார்கள். பேச்சு தீர்ந்துபோய், ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது. எட்வின் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நாக்கு பல்லுக்குள் துடித்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்த இரண்டாவது இடம் அந்த வீடு. முதலாவது கஷ்டமாக இல்லை, இதுதான் கஷ்டம்.

அந்த வீட்டுக்குள் அன்று எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பிற்பாடு, என் பெண்ணின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து என்னோடு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தபோது மேரி சொன்னாள். “உங்க ஊட்டுக்குக் குடிபோற அன்னிக்கு முந்தின ராத்திரி இவரு வெள்ளைச் சட்டையைத் தேச்சு ஆணில மாட்டி வெச்சிருந்தாருங்கக்கா. ‘அண்ணன் வந்து ஒரு வார்த்த வாடான்னு சொல்லட்டும், இப்படியே கெளம்பிருவேன்’னு வெடியற வரைக்கும் வாசல்லயே உக்காந்துட்டாரு. நான்தான் சட்டையை எடுத்துப் பொட்டிக்குள்ள வெச்சேன்.”

ஒருவர் அழைப்பு எதற்கு என்று நினைத்தார். இன்னொருவர் அழைப்புக்காகவே உட்கார்ந்திருந்தார். வீட்டு ஆள் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

இதெல்லாம் தெரியாமல்தான் அன்றைக்கு இவர் எழுந்தார். நானும் எழுந்தேன். எட்வின் வழியனுப்ப வாசற்படி வரை வந்தார். இவர் திண்டாடித் திண்டாடி, “மத்தபடி வேற ஒண்ணுமில்லீங்க” என்று ஆரம்பித்து, “பொறப்படறோமுங்க” என்று முடித்து, வலது காலைச் செருப்புக்குள் நுழைத்தார். அங்கேதான் அவரை விட்டுவிட்டு வந்தேன்.

குனிந்தார். இதோ சொல்லப்போகிறார் என்று நான் பையின் ஜிப்பைத் தொட்டேன். வாய் அசைந்தது. எட்வினும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

குனிந்தவர் அப்படியே நின்றார். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. நான் பட்டறையில் பார்த்த அதே அசைவு. அவர் தம்பியிடம் பேசவில்லை. ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்காருகிற அந்த ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு நிமிர்ந்தார். தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

இடது கால் வெறுங்கால், வலது காலில் செருப்பு. அதைக் கழற்றக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஊரிலேயே மரியாதை தெரிந்த மனிதர், செருப்புச் சத்தம் ஒன்று விட்டு ஒன்றாகக் கேட்க, தம்பியைத் தாண்டி, நாற்காலிகளைத் தாண்டி, மேரி வாயில் கை வைத்துப் பார்க்கப் பார்க்கச் சமையலறைக்குள் நடந்தார். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

“டேய் எட்வினு, காத்தாலிருந்து பட்டினிடா. சோறு போடச் சொல்லு” என்று வெறும் தட்டைத் தம்பியிடம் நீட்டினார்.